காத்: பசியைக் கொல்லும் இலை

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஃபள்லில்லாஹ் அல்உமரீ அவர்கள் மம்லூக் அரசின் செயலகத்தில் பணியாற்றிய அறிஞர். அவர் தொகுத்த 'மஸாலிகுல் அப்ஸார்' என்னும் பெருநூலில் அபிசீனிய நாட்டைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. அந்நாட்டு மக்கள் ஒரு செடியின் தளிர்களை உண்கின்றனர் என்றும், அது அறிவைக் கூர்மையாக்கி, மறந்ததை நினைவூட்டி, மனத்தை மகிழ்விக்கிறது என்றும், அதே வேளையில் உணவையும் உறக்கத்தையும் இல்லற நாட்டத்தையும் குறைத்துவிடுகிறது என்றும் அதில் அவர் எழுதுகின்றார். தொடர்ந்து ஒரு நிகழ்ச்சியையும் பதிவு செய்கின்றார். அச்செடி யமன் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது அதைப் பற்றி ரஸூலிய்யா அரச மரபைச் சேர்ந்த மன்னர் அல்முஅய்யத் தாவூத் (ஆட்சிக்காலம் 1296–1321) கேள்வியுற்று, அதனால் விளையும் பயன் யாது என வினவினாராம். உண்ணும் விருப்பம் முதலானவை குறையும் என்று விடை வந்தது. உலகில் அவற்றை நீக்கினால் எஞ்சும் இன்பந்தான் ஏது, நான் பொருளைச் செலவிடுவதே அவற்றுக்காகத்தானே, அவற்றைப் பறிப்பதை நான் ஏன் உண்ண வேண்டும் என்று கூறி மன்னர் அதைத் தொட மறுத்துவிட்டாராம்.

மன்னருடைய வாழ்க்கை நோக்கை நாம் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. எனினும் அந்த இலையைப் பற்றிப் பின்வந்த நூற்றாண்டுகளில் எழுந்த நெடிய விவாதங்களில் பலர் கடந்து சென்ற ஒன்றை அவர் முதற்பார்வையிலேயே கண்டுகொண்டார். போதைப் பொருள் என்றதும் நாம் கேட்கும் முதற்கேள்வி, 'அது மதியை மயக்குமா?' என்பதே. மன்னர் கேட்டு அறிந்துகொண்டது, 'அது உணவை என்ன செய்யும்?' என்பதை. வளரும் பருவத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முந்திக் கேட்கப்படவேண்டியது என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக, 'காத்' என்று அறியப்படும் அந்த இலையையும் அது இன்று யமன் நாட்டு இளைஞர்களின் உணவில் நிகழ்த்தியுள்ள மாற்றத்தையும் இங்கு நோக்கலாம்.

காத் ஒரு பசுமை மாறாத செடி. விட்டால் மரமாகவும் உயரும். தாவரவியலார் அதற்குக் 'கேத்தா எடுலிஸ்' என்று பெயரிட்டுள்ளனர். டென்மார்க் மன்னர் அனுப்பிய அரேபிய ஆய்வுப் பயணக் குழுவில் இடம்பெற்ற பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் ஆய்வாளரே ஐரோப்பிய அறிவுலகுக்கு அதை முதன்முதலில் விவரித்தவர். அவர் 1763இல் யமனிலேயே நோயுற்று இறந்தார். உடன் சென்றவர்களுள் உயிருடன் திரும்பிய ஒரே மனிதரான கார்ஸ்டன் நீபூர் அவருடைய குறிப்புகளை 1775இல் நூலாக வெளியிட்டார். எத்தியோப்பியாவின் ஹரர், சோமாலியா, கென்யா ஆகிய பகுதிகளிலும் காத் மெல்லப்படுகிறது. ஆயினும் ஒரு நாட்டின் அன்றாட வாழ்வு முழுவதையும் அது ஆட்கொண்டது யமனில்தான்.

அங்கு காத் மெல்லுவதை 'தக்ஸீன்' என்பர். சேமித்து வைத்தல் என்பது அதன் பொருள். இளந்தளிர்களைக் கிள்ளி மென்று, சாற்றை விழுங்கி, சக்கையை ஒரு பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே போவர். மாலைக்குள் அந்தக் கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கியது போல் புடைத்திருக்கும். நம் ஊரில் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கும் முதியவர்களைக் கண்டிருக்கிறோம், பார்வைக்கு அதுபோன்றதே. ஆனால் வெற்றிலை உணவுக்குப்பின் செரிமானத்துக்காகப் போடப்படுவது. காத்தும் உணவுக்குப் பின்னரே மெல்லப்படுகிறது என்றாலும், அடுத்த உணவைத் தடுத்து நிறுத்துவதே அதன் இயல்பாக இருக்கிறது.

இலையின் வீரியம் 'கேத்தினோன்' என்னும் வேதிப்பொருளில் அடங்கியுள்ளது. 1975இல் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆய்வுக்கூடம் அதைப் பிரித்தறிந்தது. ஆம்ஃபிட்டமின் எனப்படும் ஊக்கமருந்துக்கு நெருங்கிய உறவுடையது அது. இலை வாட வாடக் கேத்தினோன் சிதைந்து, வலுக் குறைந்த 'கேத்தின்' என்னும் பொருளாக மாறிவிடும்; இரண்டு நாள் சென்ற இலையை வாங்குவாரில்லை. ஆகவே விடியலில் பறித்த தளிர்கள் நண்பகலுக்குள் சந்தையை அடையவேண்டும் என்று மலைப்பாதைகளில் வாகனங்கள் விரைகின்றன. காய்கறிக்கும் பாலுக்கும் வாய்க்காத விரைவு காத்துக்கு வாய்த்திருக்கிறது. 2015இல் போர் தீவிரமடைந்த பின்னரும், உணவு மூட்டைகள் சோதனைச் சாவடிகளில் காத்துக்கிடந்த நாள்களில், காத் ஏற்றிய வண்டிகள் எதிரெதிர் அணிகளின் எல்லைகளைக் கடந்து சென்றதைச் செய்தியாளர் பலர் எழுதியுள்ளனர்.

மார்க்க அறிஞர்கள் இவ்விலையை எவ்வாறு அணுகினர் என்பது நம் அரபிக் கல்லூரி மாணவர்களுக்கு அந்நியமான செய்தியன்று. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலின் ஆசிரியர் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஆசிரியர் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) (ஹி. 909–974). மக்காவில் வாழ்ந்த அப்பெருந்தகைக்கு ஸன்ஆ, ஸபீத் ஆகிய யமன் நகரங்களின் அறிஞர்கள் காத் பற்றி வினா அனுப்பினர். ஒரு சாரார் அது தீது என்றும், மறு சாரார் அதில் தீங்கொன்றுமில்லை என்றும் எழுதியிருந்தனர். விடையாக இமாமவர்கள் 'தஹ்தீருஸ் ஸிகாத்' என்னும் தனி ஆய்வுரையையே இயற்றினார்கள். தம்முன் வந்த சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாலும், மனிதரின் உடலியல்புகள் வேறுபடுவதாலும், முற்றாக ஹராம் என்று உறுதிபடக் கூற இயலாது என்றும், ஆயினும் ஐயத்துக்கிடமான அதைத் தவிர்ந்துகொள்வதே பேணுதலுடையோர்க்குத் தகும் என்றும் முடிவுரைத்தார்கள். தாம் நேரில் காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தபோது சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்ட அந்த நிதானம், ஃபத்வாக்கள் மலிந்த இக்காலத்தில் நாம் மீண்டும் மீண்டும் படிக்கத்தக்கது.

அவ்வாய்வுரையில் இடம்பெறும் சாட்சியங்களுள் ஒன்று என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. ஹராஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த அபூபக்ர் அல்முக்ரீ அல்ஹராஸீ என்னும் அறிஞர் தம் வாக்குமூலத்தில், இளமைப் பருவத்தில் தாமும் அதை உண்டு வந்ததாகவும், பின்னர் அது ஐயத்துக்குரியது எனக் கருதலானதாகவும், அதனால் தம் உடலுக்கும் மார்க்கப் பேணுதலுக்கும் தீங்கு நேர்வதைக் கண்டு விட்டொழித்ததாகவும் கூறுகின்றார். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இளைஞர் ஒருவரின் அனுபவம் ஃபிக்ஹ் நூலொன்றில் இவ்வாறு பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு மாறாக, பிற்காலத்து யமன் அறிஞர் அஷ்ஷவ்கானீ (ரஹ்) (ஹி. 1173–1250) தாமே பல வகைக் காத் இலைகளை நிறைய உண்டு பார்த்ததாகவும், மதிமயக்கமோ உடல் தளர்ச்சியோ அதில் காணவில்லை என்றும் எழுதியுள்ளார். இரு பெரும் இமாம்களுக்கிடையே நடுநிலை வகிக்கும் தகுதி எனக்கில்லை. எனினும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டலாம். அஷ்ஷவ்கானீ அவர்கள் தேடியது 'முஸ்கிர்' எனப்படும் மதிமயக்கத்தையும், 'முஃபத்திர்' எனப்படும் தளர்ச்சியையும். அவை காத்தில் வெளிப்படையாக இல்லை என்பது உண்மையே. அது தளர்ச்சிக்கு மாறாக முதலில் ஊக்கத்தையே தருகிறது. அல்ஹராஸீ தேடியது 'ளரர்' எனப்படும் தீங்கை. அது மெல்லுகின்றவனின் பேச்சிலோ நடையிலோ தென்படாது. மேலும், அவர்கள் காலத்துக் காத்தும் இன்றைய காத்தும் பயன்பாட்டு அளவில் ஒன்றல்ல. 1970களில் சஊதியிலும் வளைகுடாவிலும் ஈட்டிய பணம் யமனின் கிராமங்களுக்கு வரத் தொடங்கும் வரை, நாள்தோறும் காத் மெல்லுவது வசதி படைத்தோருக்கே இயன்றிருந்தது.

அந்த இலைக்கு 'கூதுஸ் ஸாலிஹீன்' என்றும் ஒரு பெயர் உண்டு. நல்லடியார்களின் உணவு என்பது பொருள். இரவு முழுவதும் திக்ரில் ஈடுபட்ட யமன் நாட்டு ஸூஃபிகள் உறக்கத்தை விரட்ட அதைப் பயன்படுத்தினர். 'காத்' என்பதற்கும் உணவைக் குறிக்கும் 'கூத்' என்பதற்கும் ஓசையில் ஓரெழுத்து நீட்சியே வேறுபாடு. ஆனால் உணவை அகற்றும் ஒன்றுக்கு உணவென்று பெயர் வாய்த்தது விந்தையே.

இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், குறைவாக உண்பது சுன்னத்தல்லவா? பசியைக் குறைக்கும் இலை அதற்கு உதவிதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வயிற்றின் மூன்றிலொரு பகுதியை உணவுக்கென வகுத்த நபிமொழி, பசியுள்ளவன் தன் கையைத் தானே தடுத்துக்கொள்வதைப் பற்றியது. நோன்பும் அத்தகையதே. நோன்பாளிக்குப் பசிக்கிறது; அவர் பொறுக்கிறார். காத் மென்றவருக்குப் பசிப்பதேயில்லை. பொறுப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை. உணவு வேண்டும் என்று உடல் அனுப்பும் செய்தியை வழியிலேயே அறுத்துவிடுவது அவ்விலை. அன்று இவ்விடையைச் சொன்ன பின்னரே நான் மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படிக்கலானேன்.

அவ்வாய்வுகள் கூறுவது இதுதான். காத் மென்றபின் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகம் குறைகிறது என்பது 1995இல் வெளியான ஆய்வில் உறுதியானது. நண்பகலில் உண்டது மாலையிலும் வயிற்றிலேயே தங்கியிருக்கும். 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, மெல்லுகின்றவர்களின் பசியுணர்வு தாழ்ந்து நிறைவுணர்வு உயர்வதைப் பதிவு செய்தது. பசியைத் தூண்டுவதற்கும் அடக்குவதற்கும் குடலில் சுரக்கும் சுரப்புகளில் பெரிய மாற்றம் காணப்படாததால், கேத்தினோன் மூளையின் வழியாகவே பசியைத் தணிக்கிறது என்று கருத இடமுண்டு. அதாவது, வயிறு நிறைந்ததால் வரும் நிறைவன்று அது. இவற்றோடு இலையிலுள்ள துவர்ப்புப் பொருளான 'டேனின்' மலச்சிக்கலை உண்டாக்குகிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதையும் டேனின் தடுக்கும் இயல்புடையது.

இப்போது யமன் மலைநாட்டின் ஒரு நாளை எண்ணிப்பார்ப்போம். அங்கு தலையாய உணவு மதிய உணவே. கொதிக்கும் கற்சட்டியில் 'ஸல்தா' என்னும் இறைச்சிக் குழம்பு வரும். அதன்மேல் நுரைக்க அடித்த வெந்தயம் மிதக்கும். அகன்ற ரொட்டியைப் பிய்த்து எல்லோரும் ஒரே பாத்திரத்தில் தோய்த்து உண்பர். அடுக்கடுக்கான மெல்லிய மாவில் நெய்யும் தேனும் ஊற்றிய பண்டத்துக்கு 'பின்துஸ் ஸஹன்' என்று பெயர். தட்டின் மகள் என்று பொருள். நம் கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் உள்ளவர்களுக்கு அச்சொல்லும் காட்சியும் அயலாகத் தோன்றா. வெறும் வயிற்றில் காத் மென்றால் குமட்டும் என்பதால் இம்மதிய உணவை வயிறு நிறைய உண்பது அங்கு ஒரு முன்னேற்பாடாகவே ஆகிவிட்டது. பின்னர் ஆடவர் வீட்டின் உச்சியிலுள்ள 'மஃப்ரஜ்' என்னும் அறையில் கூடுவர். முதல் இரண்டு மணி நேரம் பேச்சும் சிரிப்புமாகக் கழியும். பொழுது சாயும் வேளையில் ஒரு மௌனம் கவியும். அதை 'ஸுலைமான் நபியின் நேரம்' என்று அவர்கள் அழைப்பதுண்டு. இரவில் மனச்சோர்வும் உறக்கமின்மையும் தொடரும். இரவுணவு பெயரளவுக்கே. காலையில் தாமதமாக எழுந்தால் காலை உணவும் இல்லை. ஆக, மூன்று வேளை உணவு ஒரு வேளையாகச் சுருங்கிவிடுகிறது.

நாற்பது வயது மனிதர் இந்த ஒழுங்கில் எப்படியோ ஈடுசெய்து வாழ்ந்துவிடுகிறார். பதினைந்து வயதுச் சிறுவனின் நிலை வேறு. வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழப் பாதியும், உயரத்தில் 15 முதல் 20 விழுக்காடும் பதின்பருவத்தில்தான் சேர்கின்றன. எலும்பு கெட்டிப்படுவதும் குருதி பெருகுவதும் அப்போதே. அந்த ஆண்டுகளில் உடல் ஓயாமல் உணவு கேட்கும். அடுப்படிக்கு இரவில் பூனைபோல் வந்துபோகும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இதை அறிவர். அந்தக் கேட்கும் குரலைத்தான் காத் அடைக்கிறது. வயது கடந்தபின் நிறைய உண்டாலும் அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

அச்சிறுவன் காத்தை எங்கும் ஒளிந்து கற்றுக்கொள்வதில்லை. தந்தையின் அருகில் அமர்ந்து, அவர் கிள்ளிக் கொடுக்கும் மென்தளிர்களில் தொடங்குகிறான். தேர்வு நெருங்கினால் இரவில் விழித்துப் படிப்பதற்கென்று சொந்தமாக வாங்குகிறான். சந்தையிலும் பட்டறையிலும் வேலை செய்யும் ஏழைச் சிறுவனோ பசி தெரியாமல் பொழுதைக் கழிக்கவே மெல்லுகிறான். அங்கே உணவில்லாமை காத்துக்கு இட்டுச் செல்கிறது. காத் உணவில்லாமையை மறைக்கிறது. போர்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்களின் கன்னங்களும் இவ்வாறே புடைத்திருந்தன. ரமளானில் மெல்லும் நேரம் இரவுக்கு மாறுகிறது. தராவீஹ் முடிந்து தொடங்கும் அமர்வு ஸஹர் வரை நீள, ஸஹர் உணவின் பரக்கத்தும் குறைந்துபோகிறது.

பெண்பிள்ளைகளின் நிலையைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. உலக வங்கி 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி யமனில் ஆடவருள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரும் பெண்டிருள் மூன்றில் ஒரு பங்கினரும் காத் மெல்லுவதாகக் கூறினர். கருவுற்ற காலத்தில் மெல்லிய தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதை 1980களிலேயே யமனில் நடந்த ஆய்வு கண்டறிந்தது. இளவயதில் மணமாகும் பெண்கள் மிகுந்த ஒரு நாட்டில், தாயின் பதின்பருவமும் பிள்ளையின் கருப்பருவமும் ஒரே உடலில் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன.

மெல்லாதவர்களின் தட்டையும் காத் விட்டுவைக்கவில்லை. அதே அறிக்கை, குடும்ப வருமானத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காத்துக்குச் செல்வதையும், ஏழைகளும் அதில் விலக்கல்லர் என்பதையும் காட்டுகிறது. தந்தை மாலையில் வாங்கும் ஒரு கட்டு இலை, வீட்டுக்கு வராமற்போன இறைச்சியும் பழமும் பாலும் ஆகும். 1970இல் ஏறத்தாழ 8,000 ஹெக்டேரில் பயிரான காத் 2000ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் ஹெக்டேரைக் கடந்தது. நிலத்தடி நீரில் பத்தில் மூன்று பங்கை அது குடிக்கிறது என்று மதிப்பிட்டுள்ளனர். ஒரு காலத்தில் மோகா துறைமுகத்தின் பெயரால் உலகெங்கும் மணந்த காப்பித் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் தானிய வயல்களும் அதற்கு இடம்விட்டன. கோதுமைத் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இறக்குமதியே நிறைவு செய்கிறது. 2013இல் நடந்த தேசிய நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். வறுமை, தூய நீரின்மை, தொற்றுநோய் எனக் காரணங்கள் பல. அனைத்தையும் ஓர் இலையின்மேல் ஏற்றுவது நீதியாகாது. காத் பயிரிடும் மலைக் கிராமத்து உழவன் அதை விற்ற பணத்தில்தான் தன் பிள்ளைகளுக்குக் கோதுமை வாங்குகிறான் என்பதும் மறுக்கவியலாத உண்மை. உழைப்போரில் ஏழுபேருக்கு ஒருவர் காத்தைச் சார்ந்து வாழும் நாட்டில் சீர்திருத்தவாதியின் பணி எளிதன்று.

எளிதன்று என்பதை வரலாறும் காட்டுகிறது. ஆங்கிலேயர் 1957இல் ஏடனில் காத்துக்குத் தடை விதித்தனர், ஓராண்டளவில் விலக்கிக்கொண்டனர். 1970களில் தென் யமன் அரசு வார விடுமுறை நாள்களில் மட்டும் மெல்லலாம் என்றும், ஹழ்ரமவ்த் பகுதியில் அறவே கூடாது என்றும் சட்டமியற்றியது. இது ஓரளவு நடைமுறையில் நிலைத்தது. 1990இல் இரு யமன்களும் இணைந்தபின் மறைந்தது. பிரிட்டன் தன் நாட்டில் 2014இல் தடை செய்தது. பலன் தந்த முயற்சியாக எனக்குத் தோன்றுவது ஹராஸ் மலையில் போரா சமூகத்தார் மேற்கொண்ட பணி. அவர்கள் காத் செடிகளைப் பிடுங்கியதோடு நில்லாமல் அவ்விடத்தில் காப்பியும் வாதுமையும் நட்டனர். அல்ஹராஸீ இளமையில் காத் உண்டு பின் கைவிட்டதும் அதே மலைநாட்டில்தான்.

ஒன்றாக அமர்ந்து உண்பதே பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கும் என்று ஒரு கருத்து சில ஆண்டுகளாக மேலைநாடுகளில் பரவியுள்ளது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த போதைப்பழக்க ஆய்வு மையம் ஒன்று 2000க்குப் பின் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளில், வாரத்தில் ஐந்து நாளாவது குடும்பத்தோடு இரவுணவு உண்ணும் பிள்ளைகள் புகையிலை, மது, கஞ்சா ஆகியவற்றை நாடுவது குறைவு என்று வலியுறுத்தியது. நம் மிம்பர்களிலும் இது எடுத்தாளப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஏறத்தாழ 18,000 அமெரிக்கப் பதின்பருவத்தினரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, கடுமையான சோதனையில் இத்தொடர்புகளுள் சில மட்டுமே நிலைத்து நின்றன என்றும், அவர்கள் வளர்ந்தபின் நேரடி விளைவு நீடிக்கவில்லை என்றும் கூறியது. யமன் நமக்குக் காட்டுவதும் இதையே. அங்கே தந்தையும் மகனும் நாள்தோறும் ஒரே பாத்திரத்தில்தான் உண்கின்றனர்; உண்டபின் ஒரே கட்டிலிருந்து காத்தும் மெல்லுகின்றனர். தஸ்தர்கானில் ஒன்றாக அமர்வது மட்டும் போதாது. அதிலிருந்து எழுந்தபின் எங்கே செல்கிறோம் என்பதும் உண்டு.

எனினும் பிள்ளை உண்ணும் தட்டைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பதில் வேறொரு பயன் இருக்கிறது. ஊக்கப் பொருள்களும் புகையிலையிலுள்ள நிக்கோட்டினும் பசியைக் குறைக்கும். கஞ்சாவோ அகால வேளையில் பெரும்பசியைக் கிளப்பி இனிப்பைத் தேடவைக்கும். ஹஷீஷ் உண்போரின் இனிப்பு நாட்டம் பழைய அரபு நூல்களிலேயே பேசப்பட்டதுதான். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013இல் தடை செய்யப்பட்ட பின்னரும் பள்ளிகளைச் சுற்றிலும் மறைவாக விற்கப்படுவதை அறிவோம். அவற்றிலுள்ள பாக்கு வாயின் உட்தசையை இறுகச் செய்யும் நோயைத் தருகிறது. அந்நோயின் தொடக்க அறிகுறி, காரமான உணவு பட்டால் வாய் எரிவது. நேற்றுவரை மிளகாய்ச் சட்டினியை விரும்பிய பிள்ளை இன்று தயிர்ச்சோறு போதும் என்கிறான். தாய் அதை ருசி மாற்றம் என்று எண்ணிக்கொள்கிறாள். தள்ளாடும் நடையையும் சிவந்த கண்களையும் எதிர்பார்த்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறி அறிகுறியாகவே தோன்றுவதில்லை.

ஹழ்ரமவ்த்தின் தரீம் நகரில் ஓதிவந்த என் பழைய மாணவர் ஒருவர், போருக்கு முன், 2009இல் ஊர் திரும்பும் வழியில் ஸன்ஆவில் ஒரு நண்பரின் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். மதியம் எல்லோரும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து மகிழ்ச்சியாக உண்டார்களாம். வீட்டின் மூத்த மகனுக்கு வயது பதினாறு. ஆவலாக உண்டான். பின்பு ஆடவர் மேலறைக்குச் சென்றனர்; மகனும் தன் இலைக்கட்டோடு ஓரத்தில் அமர்ந்தான். விருந்தினர் தமக்குப் பழக்கமில்லை என்று கூற, அவர்கள் வற்புறுத்தாமல் இஞ்சியிட்ட காப்பித்தோல் பானத்தை வரவழைத்துக் கொடுத்தனர். இஷாவுக்குப்பின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவித்த மொச்சையும் தயிரும் ஐந்து ரொட்டிகளும் வைத்த தாம்பாளத்தைப் படியேறிச் சுமந்து வந்தாள். தந்தை, "அல்ஹம்துலில்லாஹ், வயிறு நிறைந்திருக்கிறது" என்றார். மகனும் அதையே சொன்னான். இரவு இரண்டு மணிக்கு விருந்தினர் கண்விழித்தபோது அவன் சன்னலோரம் விரித்த புத்தகத்தின்முன் விழித்தபடியே இருந்தான், பக்கம் புரட்டப்படவில்லை. சிறுமி தாம்பாளத்தைத் திரும்ப எடுத்துச் சென்றபோது அதில் நான்கு ரொட்டிகள் இருந்தன என்று என் மாணவர் சொன்னார். உண்ணப்பட்டிருந்த ஒன்று, விருந்தினருடையது.